பூனைக்காலி போன வழி

பழனி மலையின் அடிவாரப் புதர்க்காட்டில் மார்கழி, தை மாதங்களில் பூனைக்காலி காய்த்துத் தொங்கும். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தக் கொடிக்குக் காற்றடிக்கும் பக்கம் நிற்க மாட்டார்கள். விரல் நீளத்தில் வளைந்த காய். மேலெல்லாம் பொன்னும் பழுப்புமாகச் சுணை. பறந்து வந்து கழுத்தில் நாலு சுணை ஒட்டினால் போதும், சொறிந்து சொறிந்தே தோல் தடித்துவிடும். சுணையில் இருக்கும் முகுனெய்ன் என்ற நொதி செய்கிற வேலை அது. வழக்கமான ஒவ்வாமை மாத்திரைக்கு இந்த அரிப்பு அவ்வளவாக அடங்காது. அதனாலேயே, அரிப்பு நரம்பில் எப்படிப் பிறக்கிறது என்று ஆராய்கிறவர்கள் இந்தச் சுணையை ஆய்வகத்தில் வைத்திருக்கிறார்கள்.

காயைத் தீயில் வாட்டிச் சுணையைக் கருக்கிவிட்டு உடைத்தால் உள்ளே நாலைந்து விதைகள். கறுப்பும் சாம்பலும் கலந்த பளபளப்பு, ஓரத்தில் வெள்ளை மூக்கு. இந்த விதையின் உலர் எடையில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை ஒரே ஒரு அமினோ அமிலம் நிறைந்திருக்கிறது. அதன் பெயர் லெவோடோபா. பூச்சி துளைக்காமல் விதையைக் காப்பதற்காகவும், பக்கத்தில் வேறு செடி முளைக்காமல் தடுப்பதற்காகவும் கொடி அதைச் சேர்த்து வைக்கிறது. மனிதனின் கை நடுக்கத்துக்கும் அதற்கும் கொடியின் கணக்கில் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தத் தொடர்பை மனிதர்கள் கண்டுபிடிக்க நெடுங்காலம் ஆனது. கண்டுபிடித்த வழி சேப்பாக்கம் வழியாகவும் வியன்னா வழியாகவும் போய்த் திரும்ப மலைக்கே வந்தது. வந்த இடத்தில் இன்னும் கேட்கப்படாத ஒரு கேள்வி நிற்கிறது. அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

முதலில் அடுப்பங்கரையிலிருந்து தொடங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பளியர், புலையர், அகத்தியர் மலைப் பக்கத்துக் காணிக்காரர் ஆகியோர் பூனைக்காலி இனத்து விதைகளை உணவாக்கத் தெரிந்தவர்கள். விதையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி வேகவைப்பார்கள், மறுபடி கொட்டுவார்கள். இப்படிப் பல தடவை. பிறகுதான் அது வாயில் வைக்கத் தகும். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் கே. ஜனார்த்தனன் குழுவினர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த மலைப் பயறுகளைச் சேகரித்துப் புரதம், நச்சுக்கூறு, லெவோடோபா எல்லாவற்றையும் அளந்து பார்த்தார்கள். மலைக்காரர்கள் கொட்டிய தண்ணீரில் போனது எது என்பது அந்த அளவுகளில் தெரிந்தது. வெந்நீரில் கரைந்து வெளியேறும் பொருள்களில் லெவோடோபாவும் ஒன்று.

அந்தத் தண்ணீரைக் கொட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சாட்சி இருக்கிறது. 1989-ல் மொசாம்பிக் நாட்டின் நம்பூலா மாகாணத்தில் பஞ்சம், போர், தண்ணீர்த் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து வந்தன. அங்கேயும் இந்த விதையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டித் தின்பதுதான் வழக்கம். கொட்டுவதற்குத் தண்ணீர் இல்லாமல் போனது. இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலைவலியும் படபடப்பும் வந்து, பிறகு இல்லாத உருவங்கள் தெரிந்தன, யார் மேலும் சந்தேகம் வந்தது, புத்தி தடுமாறியது. லெவோடோபா மூளைக்குள் டோபமைன் என்ற பொருளாக மாறுகிறது; அது அளவுக்கு மீறினால் இதுதான் நடக்கும். மறுவருடம் லான்செட் இதழ் அதைப் பதிவு செய்தது. பளியர் வீட்டுப் பெண் பானையைச் சரித்துத் தண்ணீரை வடிக்கும்போது அவள் கையில் இருப்பது தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பார்த்த மருந்தியல் அறிவு. அதை நான் வேறு எந்தப் பெயராலும் சொல்ல மாட்டேன்.

விதையிலிருந்து அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் சென்னைக்காரர்கள். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து டோபாவைப் பிரித்து, 1937-ல் பயோகெமிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். உலகில் முதல் தடவை என்று சொல்ல முடியாது. 1913-லேயே பாசல் நகரத்து ரோஷ் நிறுவனத்தில் மார்க்கஸ் குகன்ஹைம் ஃபாவா அவரையிலிருந்து அதை எடுத்திருந்தார். எடுத்ததில் இரண்டரை கிராமைத் தானே விழுங்கிப் பார்த்துக் கடுமையாக வாந்தியெடுத்தார். அதனால் ஏதும் பயனில்லை என்று அது அலமாரிக்குப் போயிற்று. ஆனால் ஃபாவா அவரையைவிடப் பூனைக்காலி விதையில் அது பல மடங்கு செறிந்திருக்கிறது என்பது சேப்பாக்கத்தில் பிரித்தெடுத்த பிறகே நம் கண்ணில் பட்டது. மூளையில் டோபமைன் இருக்கிறது என்பதே 1957 வரை தெரியாது. தாமோதரனும் ராமசாமியும் ஒரு பூட்டின் சாவியைச் செய்து வைத்துவிட்டார்கள். பூட்டை இருபது ஆண்டு கழித்துத்தான் பார்த்தார்கள்.

பூட்டைக் காட்டிய பொருளும் இந்தியாவிலிருந்து போனதுதான். சர்ப்பகந்தா வேர். ரத்தக் கொதிப்பை அது குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தது. சுவீடனில் லுண்ட் நகரத்தில் ஆர்விட் கார்ல்சன் அந்த ரெசர்பைனை முயலுக்குக் கொடுத்தார். முயல் காதைத் தொங்கப் போட்டு அசையாமல் கிடந்தது. பிறகு டோபாவைச் செலுத்தினார். கால் மணி நேரத்துக்குள் முயல் எழுந்து நடந்தது. வருடம் 1957. சர்ப்பகந்தாவால் விழுந்த விலங்கைப் பூனைக்காலியில் இருக்கும் பொருள் எழுப்பியது. இரண்டும் நம் நாட்டு மருந்துக் கடையில் ஒரே அலமாரியில் பொட்டலமாகக் கிடைப்பவை. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த படி வியன்னாவில். ஓலே ஹோர்னிகீவிச் 1960-ல், கை நடுங்கி உடம்பு விறைக்கும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையை எடுத்து அளந்து பார்த்தார். அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் டோபமைன் வற்றிப் போயிருந்தது. மறுவருடம் வால்டர் பிர்க்மாயருடன் சேர்ந்து நோயாளிகளுக்கு ஊசி வழியாக லெவோடோபா கொடுத்தார். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், சிலர் நடந்தார்கள். சில மணி நேரத்துக்கு மட்டும். நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ் 1967-ல் வாய்வழியாகச் சிறிது சிறிதாக அளவைக் கூட்டிக்கொண்டே போய் நீடித்த பலனைக் காட்டினார். 1970-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இங்கே ஓர் இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம். நோய் டோபமைன் குறைவதால் வருகிறது என்றால் டோபமைனையே மாத்திரையாகக் கொடுக்கலாமே? கொடுக்கலாம், மூளைக்குள் போகாது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் மலைப்பாதைச் சோதனைச்சாவடி மாதிரி. டோபமைனை அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடும். லெவோடோபா அமினோ அமிலம் என்பதால், உணவிலிருந்து வரும் மற்ற அமினோ அமிலங்களுக்கென்று இருக்கும் வழியில் உள்ளே நுழைந்துவிடுகிறது. நுழைந்த பிறகு நரம்பு செல் அதை டோபமைனாக மாற்றிக்கொள்கிறது. உடம்பின் மற்ற பகுதிகளில் இந்த மாற்றம் முன்கூட்டியே நடந்துவிடாமல் தடுக்கக் கார்பிடோபா என்ற துணைப்பொருளைச் சேர்த்தார்கள். குகன்ஹைமை வாந்தியெடுக்க வைத்த தொல்லை அதனால் பெருமளவு குறைந்தது. இன்றும் டாக்டர் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் மாத்திரையைப் போடச் சொல்வதும் இதனால்தான். பருப்பும் முட்டையும் சாப்பிட்ட கையோடு போட்டால், அவற்றின் அமினோ அமிலங்களோடு முட்டி மோதி மருந்து பின்தங்கிவிடும்.

மாத்திரைக்குத் தேவையான டோபாவைத் தொழிற்சாலையில் செய்யும் வழியை மொன்சான்டோ நிறுவனத்தில் வில்லியம் நோல்ஸ் கண்டார். கண்ணாடிப் பிம்பம்போல இரண்டு வடிவம் உண்டு டோபாவுக்கு. இடக்கை வடிவம்தான் மருந்து, மற்றது கெடுதல். ரோடியம் வினையூக்கியைக் கொண்டு வேண்டிய வடிவத்தை மட்டும் செய்தார். அதற்காக 2001-ல் வேதியியல் நோபல். இப்படி ஒரு கொடி கோடிக்கணக்கான ஆண்டு பழகிய வேலையைத் தொழிற்சாலை கற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை இடம்பெற்றிருக்கிறது. கொடைக்கானல் மருந்துக் கடையில் ‘சின்டோபா’ என்று கேட்டு வாங்கும் அட்டையில் நூறு மில்லிகிராம் லெவோடோபாவும் பத்து அல்லது இருபத்தைந்து மில்லிகிராம் கார்பிடோபாவும் இருக்கும்.

விதை மறுபடி மருத்துவர்கள் கைக்கு வந்தது. ஆயுர்வேதத்தில் கம்பவாதம், சித்தத்தில் நடுக்குவாதம் என்று இந்த நோயை நம் வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். பால வி. மன்யம் முயற்சியில் இந்திய மருத்துவமனைகளில் அறுபது நோயாளிகளுக்குப் பன்னிரண்டு வாரம் பூனைக்காலிப் பொடி கொடுத்துச் செய்த சோதனை 1995-ல் வெளிவந்தது. 2004-ல் லண்டனில் எட்டே நோயாளிகளை வைத்து ரெஜினா காட்சன்ஷ்லாகர் குழு நடத்திய சோதனை இன்னும் கறாரானது. முப்பது கிராம் விதைப்பொடி முப்பத்தைந்து நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கியது. மாத்திரைக்கு அறுபத்தெட்டு நிமிடம் பிடித்தது. பொடியின் பலன் அரைமணி நேரத்துக்கு மேல் கூடுதலாகவும் நீடித்தது. பொலிவியாவில் மாத்திரை வாங்க வசதியில்லாத பதினெட்டு பேருக்கு வறுத்த விதைப்பொடி கொடுத்துப் பார்த்த ரோபர்டோ சிலியாவின் ஆய்வு 2017-ல் வந்தது. ஒரு வேளை அளவில் பலன் மாத்திரைக்குச் சமமாக இருந்தது. ஆனால் அடுத்து அவர்களே பல வாரம் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது பாதிப் பேர் வயிற்றுத் தொல்லையாலும் நோய் முற்றியதாலும் விலகிவிட்டார்கள். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ‘மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது’ என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஒரு மலையின் விதையில் நான்கு பங்கு இருக்கும், அடுத்த மலையின் விதையில் ஆறு. திடீரென மாத்திரையை நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் யாரும் இதில் கை வைக்கக் கூடாது.

இதுவரை சொன்னது ஒரு மூலக்கூறின் பயணம். மாத்திரை யாருடைய நடுக்கத்தையும் ‘நீ எந்த ஊர், உனக்கு ஏன் வந்தது’ என்று கேட்காது. ஜப்பானியருக்கும் பூம்பாறைக்காரருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும். ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடை வேறொரு பொருளில் இருக்கிறது. ரத்தத்தில்.

இத்தாலியின் தெற்கே காம்பானியா மலைப்பகுதியில் கொந்துர்சி என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரே குடும்ப மரத்தில் பல தலைமுறைகளாகப் பார்க்கின்சன் நோய் வந்துகொண்டிருந்தது. அந்த மரத்தின் ஒரு கிளை அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. நியூ ஜெர்சியில் லாரன்ஸ் கோல்பே என்ற நரம்பியல் மருத்துவர் நோயாளிகளின் ஊர்ப்பெயர் ஒன்றாக இருப்பதைக் கவனித்து மரத்தை வரைந்தார். 1997-ல் அந்தக் குடும்பத்தின் ரத்தத்திலிருந்து ஆல்ஃபா சினூக்ளின் மரபணுவில் ஒரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அதே வருடம், பரம்பரையாக வராத சாதாரண பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையிலும் படியும் லூயி உருண்டைகளில் இருப்பது அதே புரதம்தான் என்று தெரிந்தது. ஒரு மலைக் கிராமத்துக் குடும்பம் கொடுத்த ரத்தம் உலகத்து நோயாளிகள் அனைவருக்கும் உரிய உண்மையைக் காட்டியது. இன்று அந்தப் புரதத்தைக் குறிவைத்து நடக்கும் மருந்து ஆய்வுகள் எல்லாம் அங்கிருந்து கிளைத்தவை. சிறுகுடி மக்களின் மரபணுவைப் படிப்பது அவர்களுக்குச் செய்யும் தயவு என்று நினைப்பவர்களிடம் கொந்துர்சியைத்தான் காட்டுவேன்.

மறுவருடம் ஜப்பானில், இளவயதில் நோய் வந்த குடும்பங்களிலிருந்து பார்க்கின் என்ற மரபணு தெரிய வந்தது. இது வேறு வகை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். செல்லுக்குள் பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாக்களை அப்புறப்படுத்தும் வேலை பார்க்கின் புரதத்துடையது. அது இல்லாதபோது நடுமூளையின் கருந்திட்டில் இருக்கும் டோபமைன் செல்கள் முதலில் சாகின்றன. நாற்பது வயதுக்கு முன்பே, சிலருக்கு இருபதுகளிலேயே தொடங்கும். நடுக்கம் பெரிதாக இருக்காது. நடக்கும்போது பாதம் உள்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். தூங்கி எழுந்தால் காலையில் நன்றாக இருக்கும், பொழுது சாயச் சாய விறைக்கும். இவர்களுக்கு லெவோடோபா மிகச் சிறு அளவிலேயே அற்புதமாக வேலை செய்யும். அதே வேகத்தில் உடம்பு தானாக நெளியும் பக்கவிளைவும் வந்து சேரும். அதனால் மரபணுவை அறிந்த மருத்துவர் அளவைக் கவனமாகவே ஏற்றுவார்.

இதோடு பலவேளை குழம்பிப்போகும் ஒரு நோயும் உண்டு. மூளை தானே டோபா தயாரிப்பதற்கு வேண்டிய ஒரு துணைப்பொருளைச் செய்யும் மரபணு பழுதானால், குழந்தைக்கு ஏழெட்டு வயதில் கால் முறுக்கும். மூளைவாதம் என்று முத்திரை குத்தி வருடக்கணக்கில் சக்கர நாற்காலியில் வைத்திருப்பார்கள். அரை மாத்திரை லெவோடோபா கொடுத்தால் அந்தக் குழந்தை எழுந்து ஓடும். மாலையில் கூடுகிறதா, காலையில் குறைகிறதா என்று தாயிடம் ஒரு கேள்வி கேட்டாலே சந்தேகம் வரவேண்டிய நோய் இது.

நம் பக்கத்துக்கு இது ஏன் முக்கியம் என்பது கல்யாண வீட்டில் தெரியும். மாமன் மகளும் அத்தை மகனும் முறை. தாய்மாமனே மாப்பிள்ளையாவதும் தென்தமிழகத்தில் வழக்கம்தான். அத்தை மகன், மாமன் மகள் பெற்ற பிள்ளைக்கு, எந்த ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமன் திருமணமென்றால் எட்டில் ஒன்று. இதைவிட முக்கியமான இன்னொன்று, சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் பொருந்துவது: பல தலைமுறைகளாகச் சாதிக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறோம். ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகங்களில் 81 சமூகங்கள், மரபியல் நூல்களில் உதாரணமாகக் காட்டப்படும் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகிய மூதாதைக் கூட்டத்திலிருந்து வந்தவை. அவற்றில் பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள சமூகங்களே பதினான்கு. வைசியர் சமூகத்தில் பியூட்டைரில்கோலினெஸ்டரேஸ் குறைபாடு அதிகம் என்பது மயக்க மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். தசையைத் தளர்த்தும் ஒரு குறிப்பிட்ட மருந்தை அவர்களுக்குக் கொடுத்தால் மூச்சு திரும்ப நேரமாகும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்கள். ஒரு சமூகத்தின் மரபணுவை அறிந்ததால் உயிர் காக்கப்படுகிற இடம் அது. பார்க்கின்சனுக்கும் அப்படிப்பட்ட அறிவு வேண்டும்.

உலகம் இதுவரை சேர்த்த அறிவு யாருடைய ரத்தத்திலிருந்து வந்தது என்று பார்ப்போம். 2019-ல் மைக் நால்ஸ் குழு வெளியிட்ட மாபெரும் ஆய்வு 37,688 நோயாளிகளை வைத்து 90 மரபணுச் சுட்டிகளைக் காட்டியது. எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளி. அடுத்து பல இனத்தவரையும் சேர்த்து 49,049 நோயாளிகளோடு ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பியர், கிழக்காசியர், லத்தீன் அமெரிக்கர், ஆப்பிரிக்கர் என்று நான்கு வம்சாவளிகள். மனித குலத்தில் நான்கில் ஒரு பங்கான தெற்காசியர் அதில் ஒரு பிரிவாகக்கூட இல்லை.

இதன் விளைவு நோயாளியின் கைக்கு வரும் தாளில் தெரியும். மேல்நாட்டுச் சோதனைகள் அதிகம் தேடுவது எல்ஆர்ஆர்கே-2 மரபணுவின் ஜி2019எஸ் என்ற மாற்றத்தை. வட ஆப்பிரிக்கப் பெர்பெர் மக்களிலும் அஷ்கெனாசி யூதர்களிலும் அது மிகுதி. இந்தியாவில் 2006-ல் பல நூறு நோயாளிகளைச் சோதித்தபோது ஒரே ஒருவரிடம் கிடைத்தது. ஜிபிஏ மரபணுவிலும் அங்கே தேடும் மாற்றம் ஒன்று, இங்கே மிகுதியாகக் காண்பது வேறொன்று. ஆகவே தேனியிலிருந்து வந்த ஒருவருக்கு ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று வரும் அறிக்கை, வேறொருவருக்காகத் தயாரித்த கேள்வித்தாளுக்கு அவர் எழுதிய பதில் மட்டுமே. அவர் தன் பிள்ளைகளிடம் ‘நமக்குப் பரம்பரை இல்லையாம்’ என்று சொல்லி நிம்மதியடைவார். அந்த நிம்மதிக்கு அடிப்படை கிடையாது. எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 2009-ல் லண்டன் ஆய்வாளர்கள் ஓர் இந்தியக் குடும்பத்திலும் ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்திலும் இளவயதில் வந்த நோய்க்குக் காரணமாகப் பிஎல்ஏ2ஜி6 என்ற மரபணுவைக் கண்டார்கள். அந்த இந்தியக் குடும்பத்தில் கண்ட மாற்றம் பிறகு வேறு இந்தியக் குடும்பங்களிலும் தென்பட்டது. 2023-ல் நைஜீரிய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில், ஐரோப்பியரிடம் காணப்படாத ஒரு ஜிபிஏ மாற்றம் வெளிப்பட்டது. ஒரு பிரதி இருந்தால் ஆபத்து ஒன்றரை மடங்கு, இரண்டு இருந்தால் மூன்றரை மடங்கு. முப்பது ஆண்டு ஐரோப்பிய ரத்தத்தைப் படித்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது.

இந்தியாவிலும் வேலை தொடங்கிவிட்டது. பத்தாயிரம் நோயாளிகளையும் பத்தாயிரம் நலமுள்ளவர்களையும் சேர்க்கும் திட்டத்தை நாடெங்கும் உள்ள நரம்பியல் மையங்கள் 2020-ல் அறிவித்தன. பெங்களூரின் பிரசாந்த் குக்கிளும் இந்தியப் பார்க்கின்சன் ஆய்வுக் கூட்டணியைச் சேர்ந்த மருத்துவர்களும் இளவயது நோயாளிகள் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவைப் படித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஜீனோம் இந்தியா திட்டம் 83 சமூகங்களிலிருந்து ஏறத்தாழ பத்தாயிரம் பேரின் முழு மரபணுத்தொகுதியைச் சேர்த்திருக்கிறது. எந்த மாற்றம் நம் ஊரில் சாதாரணம், எது நோய் தருவது என்று பிரித்தறிய இந்த ஒப்பீடு இல்லாமல் முடியாது.

இவை எல்லாம் பெருநகர மருத்துவமனைக்கு வந்து சேர முடிந்தவர்களின் ரத்தம். கொடைக்கானலிலிருந்து மதுரை நூற்றிருபது கிலோமீட்டர். தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு குடியிருப்பில் காப்பிப் பழம் பறிக்கிற முப்பத்தைந்து வயதுக்காரனுக்குப் பாதம் முறுக்கினால், அவன் முதலில் எலும்பு வைத்தியரிடம் போவான். சரிவில் இறங்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கோட்டையோ படியையோ கண்டால் தாண்டிவிடுவான், சமதரையில் நின்றுவிடுவான். பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்பார்கள். மூத்தவர்களுக்கு வந்தால் ‘வயசாயிருச்சு, கை ஆடுது’ என்பதோடு முடிந்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே பணியாளர் ‘ஒரு பக்கக் கையை வீசாமல் நடக்கிறாரா, எழுத்து சிறுத்துவிட்டதா, வாசனை தெரிகிறதா’ என்று மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்கப் பழகினால் இன்னும் பல நோயாளிகள் கண்டறியப்படுவார்கள்.

இந்த மலையின் செடிகொடிகளைப் படித்தவர்கள் எவ்வளவு பொறுமையாகப் படித்தார்கள்! சேசு சபைப் பாதிரியார் கே. எம். மேத்யூ மலை மலையாக ஏறி இறங்கி 1999-ல் பழனி மலைத் தாவர நூலை முடித்தார். செண்பகனூரில் உலர்த்தி ஒட்டிய தாள்கள் இன்னும் இருக்கின்றன. மனிதர்களின் ரத்தத்தையும் எடுத்திருக்கிறார்கள், வேறு காரணத்துக்காக. இந்தியர்களின் முன்னோர் யார் யார் கலந்து உருவானவர்கள் என்று சொல்லும் 2019-ம் வருடத்து சயின்ஸ் இதழ் ஆய்வில் பளியர் தரவு முக்கியமான சான்று. பழைய வரலாற்றைச் சொல்ல உதவிய ரத்தம் பளியரின் இன்றைய உடல்நலத்துக்கும் உதவ வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

அதற்கு ஊதா மூடிக் குழாயில் ஐந்து மில்லி ரத்தம் போதும். சிறு குடியிருப்பில் எடுக்கும்போது பெயரை மறைத்தாலும் குடும்பம் தெரிந்துவிடும் என்பதால் ஊர்ப்பெரியவர்களையும் வீட்டுப் பெண்களையும் உட்கார வைத்து, எதற்கு எடுக்கிறோம், யார் வைத்திருப்பார்கள், வேண்டாமென்றால் எப்படித் திரும்பப் பெறுவது என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். முடிவு வந்ததும் யார் மலையேறிப் போய்ச் சொல்வது என்பதையும் ரத்தம் எடுக்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். பார்க்கின் மாற்றம் இரண்டு பிரதியிலும் உள்ளவரின் தங்கைக்குத் தாய்மாமனைப் பேசி முடிக்கும் முன், இருவரும் அந்த மாற்றத்தைச் சுமக்கிறவர்களா என்று பார்த்துக்கொள்ளலாம். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒருவர் மட்டும் சுமந்தால் பிள்ளைக்கு அந்த வழியில் நோய் வராது. எல்ஆர்ஆர்கே-2 புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் இப்போது சோதனையில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் சேர மரபணு அறிக்கை வேண்டும். நோயின் அறிகுறியைக் குறைக்கும் மருந்து பூனைக்காலியில் இருந்தது. நோயின் போக்கையே தடுக்கும் மருந்து வந்தால், அதைக் கேட்டு வரிசையில் நிற்க மலைக்காரன் கையில் அந்த அறிக்கை இருக்க வேண்டும். மதுரையிலும் தேனியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, கொடைக்கானலில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ரத்தக் குழாய் மலையிறங்கி அங்கே போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகாது.